பேத்தை மீனும் ஒரு காற்றுப் பந்தும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

சிறுவர் தினப் படங்களைப் போட்ட நாளிலிருந்து "அந்த மீன் உடுப்ப எந்தக் கடையில எடுத்த டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சந்தையில் கண்டாலும் அதே கேள்வி. வைத்தியசாலையில் நம்பர் எடுத்துக்கொண்டு நின்றபோது ஒரு ராத்தா வந்து, தன் மகளுக்கும் அந்தக் கடை விலாசம் வேண்டும் என்றார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடிக்க ஏலாது. இங்கேயே எழுதி விடுகிறேன்.

கடை இல்லை. அது ஒரு பந்து. கடற்கரையில் பிள்ளைகள் விளையாடுகிற, வாயால் காற்று ஊதுகிற பிளாஸ்டிக் பந்து. அதன் மேலே பழைய பத்திரிகைக் கடதாசியை மாப்பசையில் தோய்த்து ஒட்டி, காய்ந்த பிறகு பந்தின் காற்றைத் திறந்து விட்டு உருவி எடுத்தால் ஒரு கோது மிஞ்சும். அந்தக் கோதுதான் நீங்கள் பார்த்த மீன்.

எப்படிச் செய்தோம் என்பதற்கு முன்னால், ஏன் செய்தோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

ஒக்டோபர் 1 வந்தால் எங்கள் பக்கப் பாடசாலைகளில் வினோத உடைப் போட்டி இல்லாமல் போகாது. டொக்டர், பொலிஸ், இளவரசி, ஸ்பைடர்மேன், விண்வெளி வீரர் எல்லோரும் வருவார்கள். எல்லா உடுப்பும் வாடகைக்கு. ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம், நல்லதென்றால் அதற்கும் மேலே. திருப்பிக் கொடுக்கும்வரை முற்பணம் வேறு. கிழிந்தால் அந்த முற்பணமும் போய்விடும். அதனால் உடுப்புப் போட்ட பிள்ளை அன்றைக்கு முழுக்க ஓடாமல், இருக்காமல், ஐஸ்கிரீம் தின்னாமல் சிலை மாதிரி நிற்கும். உம்மா பக்கத்தில் நின்று "அழுக்காக்காத, அழுக்காக்காத" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பெயர் சிறுவர் தினம்!

இந்த வருடம் தரம் 3 எனக்குக் கிடைத்ததும் இந்தப் பிள்ளைகளின் போன வருட வரவு இடாப்பை எடுத்துப் பார்த்தேன். சிறுவர் தினத்தன்று 31 பேரில் 7 பேர் வரவில்லை. அதற்கு முதல் நாளும் அடுத்த நாளும் அந்த ஏழு பேரும் வந்திருக்கிறார்கள். ஏழு பேரில் ஐந்து பேர் கடற்கரைப் பக்கம். வாப்பாமார் கரைவலைக்குப் போகிறவர்கள். வலை இழுத்த அன்றைக்குக் கிடைத்ததில் பங்கு. மீன் படாத நாளில் பங்கும் இல்லை. 2022இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலத்திலிருந்து அந்தக் குடும்பங்கள் இன்னும் சரியாக நிமிரவில்லை. அந்த வீட்டில் போய் ஸ்பைடர்மேனுக்கு இரண்டாயிரம் கேட்க எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்து விடுவார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். எங்கள் வகுப்பில் இந்த முறை வாடகை உடுப்பு இல்லை. பிள்ளை எதுவாக வர விரும்புகிறதோ அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசவும் வேண்டும். உடுப்பை வகுப்பில் சேர்ந்து செய்வோம். வீட்டுக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல் செலவு போகக் கூடாது.

வட்ஸ்அப் குறூப்பில் அன்று இரவு நடந்ததை முழுதாக எழுத மாட்டேன். புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் இரண்டு வருடம்தானே இருக்கிறது, பசை ஒட்டுகிற நேரத்துக்கு ஒரு வினாத்தாள் செய்விக்கலாமே என்று ஒரு தாய் கேட்டார். ஒரு தகப்பன் குரல் பதிவில் சொன்னார்: "டீச்சர், எனக்கிட்ட காசு இரிக்கு. நேரந்தான் இல்ல." நான் கோபப்படவில்லை. அந்தக் காக்கா பொய் சொல்லவில்லை. அவரைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் காசு இருக்கிறவர் நேரத்தைக் காசால் வாங்கும்போது பக்கத்து வாங்கில் இருக்கிற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து விடுகிறதே, அதற்கு என்ன செய்ய? அதிபர் இதில் வாய் திறக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த கிழமை பிள்ளைகளிடம் யார் என்னவாக வரப் போகிறீர்கள் என்று கேட்டேன். டொக்டர் பதினொரு பேர். பூமி என்று ஒரு மகள் சொன்னாள். வட்டப் பூசணிக்காய் என்று ஒருவன். குரும்பை என்று ஒருத்தி, அவள் வீட்டில் தென்னந்தோட்டம் இருக்கிறது. கடைசி வாங்கில் இருக்கிற மகன் எழும்பி ஒரே சொல் சொன்னான்.

"பேத்த."

வகுப்பே சிரித்தது. எங்கள் ஊரில் வயிறு வைத்தவர்களைப் பேத்தை என்று பகடி பண்ணுவார்கள், அதனால் வந்த சிரிப்பு. அவன் பெயரை இங்கே போட மாட்டேன். போன வருடம் வராத ஏழு பேரில் ஒருவன். வகுப்பில் கேட்டால் மட்டும் பேசுவான், அதுவும் இரண்டு சொல். வாசிப்பில் மெதுவானவன். ஏன் பேத்தை என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவன் பேசியதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

கரைவலையை இழுத்து மடியைத் திறந்தால் மற்ற மீனெல்லாம் துடிக்கும், இது மட்டும் ஊதிக்கொண்டு கிடக்குமாம். பல்லை நறநற என்று கடிக்கிற சத்தம் கேட்குமாம். விரலைக் கொடுத்தால் துண்டாகி விடுமாம். பெரிய பையன்கள் அதைப் பந்து மாதிரிக் காலால் அடிப்பார்களாம். அவன் வாப்பா மட்டும் அதை ஒரு தடியால் தள்ளித் தள்ளித் திரும்பவும் தண்ணீரில் விட்டு விடுவாராம். பிறகு ஒன்று சொன்னான்: "டீச்சர், அது சும்மா இரிக்கக்குள்ள மெல்லிசு. பயந்தாத்தான் உப்பும். எல்லாரும் அது எப்பயும் உருண்டதான் என்டு நினைக்கிற."

முள்ளுப் பேத்தையைப் பற்றி இவ்வளவு நேரம் சிரித்த பிள்ளைகள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு கேட்டன. "அதுக்குப் பயம் போனா என்ன செய்யும்?" என்று ஒருத்தி கேட்டாள். "தண்ணியத் துப்பிட்டுப் போயிரும்" என்றான்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அவன் சொன்ன அத்தனையும் சரி. பேத்தை தண்ணீரை மளமளவென்று விழுங்கித் தன் வயிற்றைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ளும். முள்ளுப் பேத்தையின் முட்கள் செதிலிலிருந்து உருவானவை. சும்மா இருக்கும்போது உடம்போடு படிந்து கிடக்கும், ஊதியதும் எழும்பி நிற்கும். வெளியில் எடுத்தால் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை விழுங்கும். அப்படிக் காற்றை விழுங்கிய மீனைத் திரும்பக் கடலில் போட்டாலும் அந்தக் காற்றை வெளியேற்றக் கஷ்டப்படும், சில நேரம் வயிறு மேலே இருக்க மிதந்துகொண்டே கிடக்கும். காலால் அடிக்கிற பையன்கள் இதை வாசிக்க வேண்டும். இந்த இனத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் டயோடன். இரண்டு பல் என்று அர்த்தம். மேலே உள்ள பற்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு தகடு, கீழே ஒரு தகடு. நண்டையும் சிப்பியையும் உடைத்துத் தின்ன அது போதும்.

இனிச் செய்முறை. பந்தில் முதலில் கவனிக்க வேண்டியது அளவு. பெட்டியில் போட்டிருக்கும் அளவு பல பந்துகளில் காற்று ஊதாமல் தட்டையாகக் கிடக்கும்போது எடுத்த நீளம். 36 அங்குலம் என்று போட்டிருந்தால் ஊதிய பிறகு குறுக்களவு 23 அங்குலம் அளவில்தான் வரும். எட்டு வயதுப் பிள்ளையின் தலையிலிருந்து இடுப்புக்குச் சற்று மேலே வரைக்கும் மூட அது சரியான அளவு. தலைக்கு மட்டும் ஒரு முகமூடி போதுமென்றால் ஊதிய பிறகு 13, 14 அங்குலம் வருகிற சின்னப் பந்து காணும். பிள்ளைகள் நூலால் சுற்றி அளந்தார்கள், 182 சென்ரிமீற்றர். அளக்கிற பாடமும் அன்றைக்கு முடிந்தது. புலமைப்பரிசில் கேட்ட தாய்க்கு இதையும் சொல்லி வைக்கிறேன்.

பந்து 780 ரூபாய். ஒரு வீட்டுக்கு இது பெரிய காசுதான். ஆனால் பந்து செலவாகிற பொருள் இல்லை. ஒரு கோது காய்ந்ததும் காற்றைத் திறந்து எடுத்துக் கழுவி, அடுத்த கோதுக்குத் திரும்பவும் ஊதலாம். பேத்தை, பூமி, பூசணி, குரும்பை நான்கும் ஒரே பந்தில் பிறந்தவை. நான்கு வீட்டுக்குப் பங்கு போட்டால் 195 ரூபாய். மாவோடு சேர்த்தாலும் முந்நூறு வரவில்லை.

பந்தை ஒரு பழைய பேசினுக்கு மேல் வைத்தால் உருளாது. மேலே தேங்காயெண்ணெய் நன்றாகப் பூச வேண்டும். இல்லாவிட்டால் கடதாசி பந்தோடு ஒட்டிப் போகும். காற்று அடைக்கிற மூடி இருக்கிற இடம் கீழே வரட்டும், அந்த இடத்தில் ஓர் உள்ளங்கை அளவுக்குக் கடதாசி ஒட்டக் கூடாது.

பசைக்கு ஒரு கோப்பை கோதுமை மா. முதலில் ஒரு கோப்பை பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, நான்கு கோப்பை கொதிநீரில் ஊற்றிக் கிண்டினால் கஞ்சி மாதிரி வரும். ஒரு கரண்டி உப்புப் போட்டால் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்காது. சிலர் மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு. பிள்ளைகள் கை வைக்கிற பசையில் போடவே கூடாது.

கடதாசியை கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். கையால் நீளமாகக் கிழியுங்கள். கிழித்த ஓரம் மெல்லியதாக இருக்கும், ஒன்றின் மேல் ஒன்று படிந்து உட்காரும். இரண்டு விரல் அகலம் போதும். அகலம் கூடினால் உருண்டையில் சுருக்கம் விழும்.

கல்வியியற் கல்லூரியில் கடதாசிக்கூழ் வேலை படிக்கும்போது எங்கள் விரிவுரையாளர் ஒரு விசயம் சொல்லித் தந்தார். எந்த இடத்தில் எத்தனை படை ஒட்டினோம் என்பது பாதியில் மறந்து போகும். ஓர் இடம் தடிப்பாகவும் ஓர் இடம் மெல்லியதாகவும் போய், மெல்லிய இடத்தில் உடையும். அதற்கு ஒவ்வொரு படைக்கும் வேறு வேறு கடதாசி எடுக்க வேண்டும். நாங்கள் முதல் படைக்குத் தமிழ்ப் பத்திரிகை, இரண்டாவதுக்குச் சிங்களப் பத்திரிகை, மூன்றாவதுக்கு ஆங்கிலம், நான்காவது மறுபடி தமிழ் என்று வைத்தோம். சிங்கள எழுத்துக்கு நடுவே தமிழ் எழுத்துத் தெரிந்தால் அந்த இடம் விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைகள் அதைத் தேடிப் பிடிக்கிற விளையாட்டாகவே மாற்றி விட்டார்கள். "டீச்சர், இங்க வீரகேசரி தெரியிது!" ஐந்தாவது படைக்கு எழுதி முடிந்த கொப்பியின் தாள். ஐந்து படை போதும்.

ஒரு நாளைக்கு இரண்டு படைக்கு மேல் ஒட்டக் கூடாது. உள்ளே ஈரம் நின்றால் நாறும்.

காய வைப்பதில்தான் நிறையப் பேர் கைவிடுவார்கள். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்று தோன்றும். ஆனால் பந்துக்குள் இருப்பது காற்று. சூடேறினால் விரியும். பந்து பெருத்தால் அரைக் காய்ச்சலில் இருக்கும் கடதாசி வெடித்துப் போகும். இரவில் குளிர்ந்தால் பந்து சுருங்கும், கோது தளர்ந்து போகும். நிழலில், காற்று ஓடுகிற இடத்தில் வைக்க வேண்டும். எங்களுக்கு செப்டெம்பரில் கச்சானின் மிச்சம் இருந்தது, மண்டப ஓரத்தில் இரண்டு நாளில் கலகல என்று காய்ந்தது. மாரி தொடங்கிய பிறகு செய்கிறவர்கள் ஐந்து, ஆறு நாள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடு. இதை எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள். மாப்பசை பூசிய கடதாசி ஆட்டுக்குப் பிரியாணி மாதிரி. பூசணிக்காயின் ஒரு பக்கத்தை அப்படித்தான் இழந்தோம். இரவில் கரப்பானும் எலியும் வரும். கயிற்றில் கட்டி உயரத்தில் தொங்க விடுங்கள்.

காய்ந்ததும் மூடியைத் திறந்தால் காற்று இறங்கும். பந்து உள்ளே சட சட என்று கோதை விட்டுக் கழன்று வரும் சத்தம் கேட்கும். முழு வகுப்பும் மூச்சு விடாமல் காதை வைத்துக் கேட்டது. சுருங்கிய பந்தைக் கீழே உள்ள ஓட்டையால் இழுத்து எடுத்தேன். உள்ளே பார்த்தால் தேங்காயெண்ணெய் மினுங்க ஒரு வெற்று அறை.

பிறகு வெட்ட வேண்டும், அது பெரியவர்களின் வேலை. கீழே தோள் நுழையும் அளவுக்கு ஒரு வட்டம், 38 சென்ரிமீற்றர். இரண்டு பக்கமும் கைக்கு ஓட்டை, கைதான் செட்டை. முன்னால் முகத்துக்குப் பெரிய ஓட்டை, அது மீனின் வாய். கண்ணுக்கு மட்டும் சின்ன ஓட்டை வைக்காதீர்கள். பிள்ளையின் முகம் முழுக்கத் தெரிய வேண்டும், மூச்சு விட வேண்டும், வியர்த்தால் துடைக்க வேண்டும். உச்சியிலும் பின்பக்கத்திலும் காற்றுப் போக நாலைந்து துளை போட்டோம். வெட்டிய ஓரமெல்லாம் பழைய சாரத்தைக் கிழித்துப் பசையில் தோய்த்துச் சுற்றினோம். அந்த ஓரத்தை விட்டால் கிழியத் தொடங்குவது அங்கிருந்துதான். உள்ளே பாரம் தோளில் இறங்குவதற்குப் பழைய புத்தகப் பையின் வார் இரண்டு. எப்படியும் ஒரு பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து போட விடாதீர்கள். எங்கள் வெயிலுக்கு உள்ளே அவியும்.

வாயைச் சுற்றி மேலே ஒரு வெள்ளைத் தகடு, கீழே ஒன்று. நான் பல் பல்லாகக் கீறலாமா என்று கேட்டபோது அவன் விடவில்லை. "பல் ரெண்டுதான் டீச்சர்."

வயிற்றுக்கு யாரோ வீட்டுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயின்ற். முதுகுக்குக் கடும் தேயிலைச் சாயம், மேலே கரிப் புள்ளிகள். முட்கள் பழைய கலண்டர் தாளில் செய்த கூம்புகள், 146. ஈர்க்கில் செய்யலாம் என்று ஒருவர் சொன்னார், ஓடுகிற பிள்ளைகளுக்கு நடுவே ஈர்க்கு கண்ணில் குத்தும். கூம்பின் நுனியையும் கொஞ்சம் வெட்டி விட்டோம். டொக்டராக வரப் போகிற பதினொரு பேரும் முள் சுருட்டத்தான் போட்டி போட்டார்கள். அவன் நடுவில் நின்று எந்த முள் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். வாலைப் பார்த்துச் சாய வேண்டுமாம்.

முடிந்ததும் அவன் வீட்டு மீன் தராசில் கொழுவி நிறுத்தோம். எழுநூற்று இருபது கிராம். ஒரு புத்தகப் பையின் பாதிப் பாரமும் இல்லை.

இடையில் ஒரு கேள்வி வந்தது, வந்தே தீரும் என்று எனக்கும் தெரியும்: உயிருள்ளதன் உருவம் செய்யலாமா? நான் மார்க்கம் சொல்ல வரவில்லை. சந்தேகம் உள்ளவர்கள் அறிந்த ஆலிம்களிடம் கேளுங்கள். ஆயிஷா (ரழி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகளோடு விளையாடிய ஹதீஸை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம், அதில் சிறகு வைத்த குதிரைப் பொம்மையும் இருந்தது. பிள்ளைகளின் விளையாட்டுக்கு உள்ள இடத்தில்தான் நான் இதை வைத்தேன். மனம் ஒப்பாதவர்கள் பூமியையோ பூசணியையோ செய்யலாம், பந்து ஒன்றுதான்.

ஆனால் பெரிய சிக்கல் அவன் சொன்ன அந்த வசனத்தில் இருந்தது. பயந்தால்தான் உப்பும். மேடைக்கு வரும்போதே உருண்டையாக வந்தால் அது பேத்தை இல்லை என்பதில் அவன் ஒரே பிடியாக நின்றான். காய்ந்த கடதாசி எப்படி ஊதும்? இரண்டு நாள் யோசித்தோம். வழி சொன்னது அவனுடைய வாப்பாதான். கருக்கலில் வலைக்குப் போய்விட்டுப் பத்து மணிபோல் பாடசாலைக்கு வந்தார். சாரத்தோடு உள்ளே வரலாமா என்று வாசலில் நின்று கேட்டார். "வாங்க காக்கா" என்று நான் கதிரை போட, இருக்காமல் நின்றுகொண்டே கோதைத் தட்டிப் பார்த்தார். "தோணி ஒன்டு வைங்க டீச்சர். மெல்லிசா போகட்டும், தோணிக்குப் பின்னால ஒளியட்டும், அங்க வெச்சி மாட்டிட்டு எழும்பட்டும்."

அப்படியே செய்தோம். ரெக்சீன் அட்டைப் பெட்டியில் தோணி. அவர் கிழிந்த வலைத் துண்டு ஒன்று கொண்டு வந்து தந்தார்.

சிறுவர் தினத்தன்று எங்கள் வகுப்பில் 31 பேரும் வந்தார்கள். இடாப்பில் அடையாளம் போடும்போது நான் இரண்டு தரம் எண்ணினேன்.

அவன் அட்டையில் வெட்டிய மெல்லிய மீனைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு வந்தான். இரண்டு பையன்கள் வலையைப் போட்டார்கள். தோணிக்குப் பின்னால் விழுந்தான். ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு 146 முள்ளோடு அந்த உருண்டை எழும்பியது. மண்டபம் முழுக்கக் கத்தியதில் முன் வரிசைக் குழந்தை ஒன்று அழுதே விட்டது. சத்தம் அடங்கும்வரை அவன் வாய்க்குள்ளிருந்து பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பேசினான். எழுதிக் கொடுத்ததை வாசிக்கவில்லை. கடற்கரையில் பேசுகிற அதே பாஷையில் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். கடைசியாக, "இத ஆரும் தின்ன வேணாம். சமைச்சாலும் நஞ்சு போகாது" என்றான்.

அந்தக் கடைசி வசனம் நாங்கள் இருவரும் சேர்ந்து படித்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிகழ்ச்சி முடிந்து போகும்போது ஒரு மூத்தம்மா என் கையைப் பிடித்து, "நாங்க அந்தக் காலத்துல தோல உரிச்சிக் கழுவித் தின்டிருக்கோம் மகள், ஒன்டும் ஆகல்லயே" என்றார். அல்லாஹ் காப்பாற்றினான் என்றுதான் சொல்வேன். பேத்தை இனங்கள் பலவற்றின் ஈரலிலும் சினையிலும், சிலவற்றில் தோலிலும் இறைச்சியிலும்கூட டெட்ரோடொட்டொக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் கருவாடு போட்டாலும் அது அழியாது. மீனுக்கு மீன், காலத்துக்குக் காலம் அளவு மாறும். அதனால் போன முறை ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த முறைக்கு உத்தரவாதம் இல்லை. உதடும் நாக்கும் மரத்துப் போவதில் தொடங்கும், பிறகு கை கால் சோரும், கடைசியில் மூச்சு விடுகிற தசைகளே நின்று விடும். மாற்று மருந்து இல்லை. மூச்சுக்கு உதவி கொடுத்து நஞ்சு இறங்கும்வரை காப்பாற்றுவதுதான் வைத்தியம், அதனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். ஜப்பானில் இந்த மீனைச் சமைக்கத் தனி அனுமதிப் பத்திரம் வேண்டும். வீட்டில் யாராவது "கழுவினாச் சரி" என்று சொன்னால் இந்தப் பந்தியை மட்டுமாவது வாசித்துக் காட்டுங்கள்.

பரிசு அவனுக்குக் கிடைக்கவில்லை. போட்டி முழுப் பாடசாலைக்கும் பொது, மற்ற வகுப்புகளில் வாடகை உடுப்புக்குத் தடை இல்லை. பிள்ளைகள் பேசுவதற்கு முதலே, வரிசையாக மேடையில் நடக்கும்போதே புள்ளி போட்டு முடித்து விட்டார்கள். முதலிடம் ஒரு விண்வெளி வீரருக்கு. மினுங்குகிற அழகான உடுப்பு, அந்தப் பிள்ளை மீதும் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதை அந்தப் பிள்ளை செய்யவில்லை, அதன் உம்மாவும் செய்யவில்லை, ஒரு தையல்காரர் செய்தார். யாருக்குக் கொடுத்தோம் பரிசை? ஆசிரியர் கூட்டத்தில் இதைக் கேட்டேன். புள்ளியில் பாதி பேச்சுக்கு, கால்வாசி வீட்டில் செய்ததற்கு என்று எழுதியும் கொடுத்திருக்கிறேன். நல்ல யோசனை என்றவர்களும் இருக்கிறார்கள், டீச்சர் ஒவ்வொன்றையும் கஷ்டமாக்குகிறீர்கள் என்றவர்களும் இருக்கிறார்கள். அடுத்த தவணையில் முடிவு எடுப்பதாகச் சொன்னார்கள். பெற்றோரும் அதிபரிடம் இதைப் பற்றிப் பேசினால் நல்லது, நான் ஒருத்தி கத்தினால் அது டீச்சரின் பிடிவாதம் என்று போய்விடும்.

அவனிடம் பரிசு பற்றிக் கேட்டேன். "தோணிக்குப் பின்னால இரிந்து எழும்பக்குள்ள எல்லாரும் பயந்தாங்கதானே டீச்சர்?" என்று திருப்பிக் கேட்டான். பயந்தார்கள் என்றேன். அடுத்த நாள் வாசிப்புப் பாடத்தில் மீன்களைப் பற்றிய புத்தகம் இருக்கிறதா என்று கேட்டு வந்தான். எங்கள் வாசிகசாலையில் ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் திமிங்கிலம் பற்றியது. எடுத்துக்கொண்டு போனான். இன்னும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

"காசு இரிக்கு, நேரந்தான் இல்ல" என்ற காக்காவையும் சொல்லி விட வேண்டும். குரும்பைக் கோதுக்கு முகத்து ஓட்டை வெட்டக் கடைசி நாள் ஒருவர் தேவைப்பட்டபோது அவர்தான் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். மக்ரிப் வரை இருந்து வெட்டி, ஓரமும் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். ஜஸாகல்லாஹு கைரன்.

பந்து இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. நான்கு கோது போட்டும் காற்று இறங்கவில்லை. வேறு பாடசாலை ஆசிரியர்கள், பாலர் பாடசாலை டீச்சர்மார் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள், கழுவித் திருப்பித் தந்தால் போதும். பூமியும் குரும்பையும்கூட இரவல் தரலாம். பேத்தையைக் கேட்க வேண்டாம், அது அவன் வீட்டு முகட்டில் தொங்குகிறது, எலி எட்டாத உயரத்தில்.

பழைய பத்திரிகைகள் வீட்டில் சேர்ந்து கிடந்தால் எரிக்காமல் எங்கள் பாடசாலைக்கு அனுப்பி வையுங்கள். சிங்களப் பத்திரிகைதான் எங்களுக்குத் தட்டுப்பாடு. இரண்டாவது படைக்கு அது வேண்டும்.